கேட்டில் கிடக்கும் பாக்கெட்

பாணேர், புனே
16 ஜூன் 2025, திங்கள்

அன்புள்ள அண்ணா,

போன் பண்ணாதே என்றாய். பண்ணவில்லை. என் வீட்டுப் படி ஏறாதே என்றாய். எட்டு மாதமாக ஆபீஸ் வண்டி போபோடி சிக்னலில் நிற்கும்போதுகூட உன் தெருப் பக்கம் திரும்பாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் எழுதாதே என்று மட்டும் நீ சொல்லவில்லை. கிழிப்பதானால் படித்து முடித்துவிட்டுக் கிழி.

சிகரெட்டை விட்டுவிட்டேன். இன்று ஐந்தாம் நாள்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. யாரிடம் சொல்வது? உன் மச்சான் பாஸ்கருக்கு பெங்களூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருகிறார். நான் நான்கு வருடம் முன்பே விட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் சபரி, இத்தனை நாளும் என்னோடு கீழே இறங்கி வந்து புகைத்தவன். அவனிடம் சொன்னால் 'கொண்டாடிடுவோம் மேடம்' என்று ஒன்றை நீட்டுவான். நான் பிடிப்பது தெரிந்தவன், பொய் சொன்னால் கண்டுபிடிக்கக்கூடியவன் என்றால் நீ ஒருவன்தான். நீ புது மாடி கட்டிப் பால் காய்ச்சிய அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாயே. 'பொம்பளையா நீ' என்று அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாய். அப்போது உன் கையிலும் ஒன்று பற்றவைக்காமல் இருந்தது அண்ணா. நீயும் அதற்குத்தான் மேலே வந்திருந்தாய். சரி, அதைப் பேச எழுதவில்லை.

எனக்கு மூக்கு திரும்பக் கிடைத்திருக்கிறது. இன்று காலை லிஃப்ட் கதவு திறந்ததும் மூன்றாம் மாடியில் யாரோ வெந்தயக்கீரை நறுக்குவது தெரிந்தது. தார் ரோட்டில் மழை விழும் வாசனைக்காகக் குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு முறை ஆசை வரும்போதும் கடிகாரம் பார்க்கிறேன். நான்கு நிமிடம், மிஞ்சினால் ஆறு. அதற்குமேல் அதற்கே தாக்குப்பிடிக்க முடிவதில்லை. இந்தக் கடிதம் அப்படி மூன்று ஆசைகளில் எழுதியது. எழுத்து கோணலாகும் இடங்களை நீயே பார்த்துக்கொள்.

ஆனால் பயம் இருக்கிறது. இதற்கு முன் மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் பதினோராம் நாள் உடைந்தது. இந்த முறையும் உடைந்தால் ஐந்தாவதாக ஒரு முயற்சிக்கு என்னிடம் தெம்பு இருக்காது. இது நிச்சயமாகத் தெரிகிறது. வருகிற ஞாயிறு பதினோராம் நாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீ இருபத்தெட்டு வருடமாகக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாய். வெளியே நாளைக்கு ஒரு பாக்கெட் தாண்டும். உள்ளே காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை தீப்பெட்டியைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த ஒன்பது மணி நேரம் எப்படி இருக்கிறாய்? எனக்கு அந்த ரகசியம் வேண்டும்.

தமிழரசி


போபோடி
20-6-25

தமிழரசிக்கு,

லெட்டர் வந்தது. கிழிக்கலை. தமிழ் எழுதி முப்பது வருஷம் ஆச்சு. ஏழாவதோட எனக்குத் தமிழ் ஸ்கூல் முடிஞ்சுது. தப்பு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்க.

ரகசியம் ஒண்ணும் கிடையாது. காலையில கேட்டுல நம்ம பாக்கெட், லைட்டர் எல்லாம் செக்யூரிட்டிகிட்ட குடுத்துடணும். சுவர்ல புறாக்கூண்டு மாதிரி மாடம் மாடமா இருக்கும், அதுல போட்டுட்டு ஒரு பித்தளை டோக்கன் குடுப்பான். என்னுது 214. அப்புறம் உடம்பைத் தடவிப் பார்ப்பான். எங்க ஷெட் வாசல்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பலகை குறுக்கே இருக்கும். அது மேல உக்காந்து செருப்பை இந்தப் பக்கம் கழட்டிட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, உள்ளே போடற ஜோட்டை மாட்டணும். வெளித் தூசி ஒரு துளி உள்ளே வரக்கூடாது. பலகையைத் தாண்டினா சிகரெட் ஞாபகமே வராது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வராது, அவ்வளவுதான்.

எல்லார் முன்னாடியும் கத்தினது தப்புன்னு உன் அண்ணி மல்லிகா சொல்றா. எனக்கு அப்படித் தோணலை. பாணேர் போனப்புறம் நீ வருஷத்துக்கு ரெண்டு தரம் வர்றே, வந்தாலும் டீயைப் பாதி வெச்சுட்டுப் போறே. அன்னைக்கும் அப்படித்தான் கீழே யாரோடயும் ஒட்டாம மேலே போனே. எனக்கு எல்லாம் சேர்ந்து வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

தங்கராஜ்


பாணேர்
23 ஜூன் 2025

அண்ணா,

பன்னிரண்டாம் நாள். திரும்பவும் எழுதுகிறேன், எனக்கே பார்க்க வேண்டும்: பன்னிரண்டாம் நாள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்த கையோடு பழைய புத்தக அலமாரியின் பலகை ஒன்றைக் கழற்றி, வீட்டுக்குக் கீழே இருக்கும் ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கி அடித்து, காய்ந்தும் காயாமலும் வாசல் கதவுக்கு உள்ளே குறுக்காக நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் செங்கல் முட்டு. உட்கார்ந்து, வெளிச் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, வீட்டுச் செருப்பை மாட்டுகிறேன். என் சுடிதாரில் சிவப்புக் கோடு. வேலைக்கு வரும் மாவ்ஷி 'இது என்ன பூஜை அக்கா' என்று கேட்டாள். விரதம் என்றேன். அவளும் பயபக்தியோடு காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிறாள்.

ஞாயிறு வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருப்புக்கொள்ளவில்லை. பஸ் பிடித்து கடக்வாஸ்லா போனேன். அது பெரிய தப்பு. அணைக்கட்டு ஓரம் பாதிப் புனே நின்றுகொண்டிருந்தது, மழையில் நனைந்துகொண்டு, ஒரு கையில் சுட்ட சோளம், மறு கையில் சிகரெட். எனக்கு முன்னால் ஒரு பையன் பற்றவைத்தான். அந்த முதல் இழுப்பின் சத்தம் என் பல்லில் கேட்டது. நான் சோளத்தைக் கடித்தேன். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவிய சோளம் நான்கு தின்றேன் அண்ணா. நான்காவதைக் கொடுக்கும்போது அந்தக் கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்றாள். கர்ப்பமாக இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். நாற்பத்து நான்கு வயதில்.

வீட்டுக்கு வந்து பலகையைத் தாண்டியதும் நீ சொன்னது போலவே நின்றுவிட்டது. அப்படியே அறுந்துவிட்டது. என்னால் உட்காரக்கூட முடியவில்லை, சந்தோஷத்தில் மூன்று பீரோவையும் ஒழித்து அடுக்கினேன்.

டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனது உண்மை. டீ குடித்தால் சிகரெட் கேட்கும். உங்கள் வீட்டில் பிடிக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று தோன்றவே இல்லை. அண்ணியிடம் இதைச் சொல்.

தமிழரசி


போபோடி
28-6-25

தமிழரசி,

பலகை விஷயத்தை மல்லிகாகிட்ட படிச்சுக் காட்டினேன். அரை மணி நேரம் சிரிச்சா. அப்புறம் டீ விஷயம் படிச்சேன். அதுக்குச் சிரிக்கலை.

உன்னால எனக்கு வேலையில கவனம் போகுது. நீ கேட்டதில இருந்து நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணு சொல்றேன் கேளு. போன வருஷம் ஒரு நாள் எங்க ஃபாக்டரி சங்கு, போங்கான்னு சொல்வோமே, அது ரிப்பேர். அஞ்சு மணிக்கு ஊதணும், ஊதலை. யார் கையிலயும் வாட்ச் கிடையாது, உள்ளே விடமாட்டான். நாங்க பாட்டுக்கு வேலை பண்ணிட்டு இருந்தோம். அஞ்சரைக்கு எவனோ வந்து சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த அரை மணி நேரம் ஒருத்தனுக்கும் சிகரெட் நினைப்பு இல்லை. சொன்ன அடுத்த நிமிஷம் எனக்கு வாயில தண்ணி ஊறிடுச்சு. கால் தானா ஓடுது. கேட்டுல க்யூவில நிக்கறப்ப முன்னாடி இருக்கறவனைத் தள்ளணும் போல இருக்கு.

அப்போ ஆசை எங்கே இருக்கு? நெஞ்சுக்குள்ளே இருந்தா மத்தியானம் எங்கே போச்சு? எனக்கு என்னவோ அது கேட்டுலதான் உக்காந்திருக்குன்னு தோணுது. உள்ளே போறப்ப இறக்கி வெச்சுட்டுப் போறோம், வெளியே வர்றப்ப கூடவே தொத்திக்குது.

படிச்சவ நீ, யோசிச்சுச் சொல்லு.

தங்கராஜ்


பாணேர்
3 ஜூலை 2025

அண்ணா,

உன் கடிதம் இரண்டு நாள் முன்னதாக வந்திருக்கலாம்.

ஜூன் 30, பத்தொன்பதாம் நாள், நான் பிடித்துவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். பலகை வந்ததிலிருந்து வீட்டுக்குள் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வெளியே கிளம்பும்போது அதன்மேல் உட்கார்ந்து செருப்பை மாற்றுவேன் பார், அப்போதே கை பைக்குள் சிகரெட்டைத் தேட ஆரம்பித்திருந்தது. முதலில் அரை நிமிடம். பிறகு லிஃப்ட் இறங்கும்வரை. அன்று பால் வாங்கத்தான் போனேன். பலகையிலிருந்து எழுந்தபோதே எனக்குத் தெரியும், போவது பால் கடைக்கு இல்லை என்று. கீழே டப்ரி டீக்கடையில் ஒன்று வாங்கி, அங்கே தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, இரண்டு இழுப்பு. தலை சுற்றியது. மிச்சத்தைக் காலில் போட்டு மிதித்தேன். பால் வாங்காமலே மேலே வந்தேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு எழுதக் கூசியது. சபரி 'என்ன மேடம், உடம்பு சரியில்லையா' என்று கேட்டான். அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

நேற்று உன் கடிதம். போங்கா ஊதாத கதையை நின்றபடி படித்தேன். படித்துவிட்டுப் பலகையைப் பார்த்தேன். நான் என்ன செய்திருக்கிறேன் பார் அண்ணா. உன் தொழிற்சாலையிலிருந்து பலகையை மட்டும் கொண்டுவந்ததாக நினைத்தேன். கூடவே கேட்டையும் கொண்டுவந்து என் வாசலில் நட்டுவிட்டேன். இல்லாத ஒரு கேட்டை நானே கட்டி, அதை ஒவ்வொரு நாளும் நானே தாண்டி, நானே வாயில் நீர் ஊற நின்றிருக்கிறேன்.

பலகையை எடுத்துவிட்டேன். மாவ்ஷிதான் விரதம் முடிந்துவிட்டதா என்று ஏமாற்றமாகக் கேட்டாள். இன்று காலை ஒரே செருப்போடு உள்ளேயும் வெளியேயும் பத்து தடவை சும்மா நடந்தேன். ஆசை வரும்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அதற்கே தெரியவில்லை. வந்தது, தடுமாறியது, போய்விட்டது. மூன்று நிமிடம். இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தவள் ஹாலில் நின்று தனியாகச் சிரித்தேன். தெம்பு இருக்காது என்று சொன்னேனே, அது பொய். இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனம் இப்படித் திறந்திருக்கும்போதே. என் முதல் சிகரெட் உன் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. காலேஜ் கடைசி வருடம். ஆணியில் தொங்கும் உன் யூனிபார்ம் சட்டை. வாரத்துக்கு இரண்டு. ஏறக்குறைய ஒரு வருடம்.

இப்போது நான் மூன்றாம் நாளா, இருபத்திரண்டாம் நாளா?

தமிழரசி


போபோடி
8-7-25

தமிழரசி,

எங்க ஃபாக்டரி வாசல்ல ஒரு போர்டு இருக்கு. விபத்து இல்லாம இத்தனை நாள்னு தினமும் எழுதுவான். ஒருத்தனுக்கு விரல் நசுங்கினாலும் அதை அழிச்சு ஜீரோ போடுவான். மறுநாள் காலையில ஒண்ணு. ஃபாக்டரியை மூடிட்டுப் போறதில்லை. நீ மூணாம் நாள். வெட்கப்படாம எழுதிக்க.

சட்டைப் பை விஷயம். பாக்கெட்டுல அப்பப்ப ஒண்ணு குறையும். மல்லிகா ஒளிச்சு வெக்கறான்னு நினைச்சு அந்த ஒரு வருஷமும் அவளோட சண்டை. கல்யாணம் ஆன புதுசு. ஒரு தரம் கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்கு வேலூருக்கே போயிட்டா. உன் லெட்டரை அவ வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு, 'இருபத்து மூணு வருஷம் கழிச்சு என் கேஸ் ஜெயிச்சுது'ன்னா. உன்மேல கோவம் இல்லையாம். என்மேலதானாம்.

எனக்குத் தூக்கம் வரலை. அன்னைக்கு மாடியில உன்னை ஏன் அப்படிக் கத்தினேன்னு இப்பத்தான் தெரியுது. உன் கையில இருந்தது என் பிராண்ட். நீ அதைப் பிடிச்சிருந்த விதம், கட்டைவிரலால தட்டற விதம், எல்லாம் என்னை மாதிரியே இருந்தது. என்னையே பார்த்த மாதிரி இருந்தது. பயந்துட்டேன். மன்னிச்சுக்க.

சரி, இதைக் கேளு. இன்னையோட நான் விட்டுப் பதினோரு நாள். உனக்கு அந்த போங்கா லெட்டர் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சேன். தோத்துட்டா அசிங்கம்னு சொல்லலை. நீ எனக்கு மூணு நாள் ஜூனியர்.

எப்படின்னா, அன்னைக்குச் சாயங்காலம் கேட்டுல டோக்கனைக் குடுக்காம வந்துட்டேன். அவ்வளவுதான். பாக்கெட், லைட்டர் ரெண்டும் 214-ல கிடக்கு. பாக்கெட்டுல ஆறு இருக்கு. வெளியே டப்ரியில வேற வாங்கலாம். ஆனா சொந்தமா ஒரு பாக்கெட் உள்ளே கிடக்கறப்ப இன்னொண்ணு வாங்க எனக்கு மனசு வரலை. கஞ்சன்னு மல்லிகா சொல்வா இல்லே, அந்தக் கஞ்சத்தனம் இப்பத்தான் உதவுது. செக்யூரிட்டி ரமேஷ் தினமும் கத்தறான், 'தங்கராஜ் பாவூ, உங்க பொண்டாட்டி உள்ளேயே இருக்கா, கூட்டிட்டுப் போகலையா'ன்னு. நான் திரும்பிப் பார்க்காம நடக்கறேன். கேட்டுல இருந்து ரோடு முனை வரைக்கும் எழுபது அடி. அந்த எழுபது அடிதான் என் நாள் முழுக்க.

தங்கராஜ்


பாணேர்
12 ஜூலை 2025

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். சபரி தேடிக்கொண்டு வந்தான். என் அண்ணன் பதினைந்து நாளாகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். 'உங்களுக்கு அண்ணன் இருக்காரா மேடம்' என்றான். ஏழு வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். அவனுக்கு உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். கையில் வைத்திருந்ததைப் பற்றவைக்கவே மறந்துபோனான்.

மன்னிப்பெல்லாம் கேட்காதே. திருடியது என் விரல்தான். அதில் உனக்குப் பங்கு இல்லை.

அண்ணியிடம் மட்டும் நான் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்போது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் ஜூனியர்


போபோடி
26-7-25

தமிழரசி,

ஒரு சிக்கல். கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டான். எடுக்காம கிடக்கற சாமான் எல்லாம் 31-ஆம் தேதிக்குள்ள அவனவன் வந்து எடுக்கணும், இல்லேன்னா அள்ளிக் கொளுத்திடுவான். மாடத்துக்கெல்லாம் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம்.

கொளுத்தட்டும்னு விட்டா, மறுநாளே எனக்குப் புதுசு வாங்க உரிமை வந்துடும். என்னை எனக்குத் தெரியும். எடுத்தா, கையில ஆறு சிகரெட், லைட்டர், எழுபது அடி. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கிட்டேன். இருபத்தொன்பது நாளா இல்லாத பயம் இப்போ வருது. மல்லிகாவை வரச் சொல்லலாம், அவ பார்வையே எனக்கு ஒண்ணு பத்தவைக்கணும்னு தோண வெச்சுடும்.

வியாழக்கிழமை 31. அஞ்சு மணிக்கு போங்கா. நீ வர முடியுமா?

தங்கராஜ்


கட்கி, தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே
31 ஜூலை 2025, மாலை 4.40

அண்ணா,

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டேன். சீக்கிரமே வந்துவிட்டேன். நிற்பதற்கு இங்கே மழைக்கு ஒதுங்க ஒரே இடம் டப்ரிதான், அதன் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறேன். இருபது பேர் புகைக்கிறார்கள். எழுதாமல் இருந்தால் ஒன்று கேட்டு வாங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பேப்பரை என் ஆபீஸ் பையின்மேல் வைத்திருக்கிறேன்.

இன்று எனக்கு முப்பத்தோராம் நாள். 4.44-க்கு ஒன்று வந்தது. பெரியது. கடைக்காரர் 'என்ன வேணும் மேடம்' என்றார். என் வாய் திறந்தது. சாய் என்று வந்தது. முழு கிளாஸையும் குடித்தேன். 4.49-க்குப் போய்விட்டது.

நான்கு நாளாக யோசித்து வைத்ததைச் சொல்கிறேன். பாக்கெட்டை என்னிடம் கொடு. என் பையில் இருக்கட்டும். உன்னுடைய ஆறும் என்னிடம் கிடக்கிறவரை உனக்குப் புதிது வாங்க மனசு வராது. லைட்டரை நீயே வைத்துக்கொள், அண்ணிக்கு அடுப்புப் பற்றவைக்க ஆகும். என்னை நம்பலாமா என்று நீ கேட்பாய். உன் பாக்கெட்டில் திருடியவளிடம் உன் பாக்கெட்டா என்று கேட்பாய். கேள். நானும் என்னைக் கேட்டேன். எனக்குத் தெரியாது அண்ணா. ஆனால் உன்னுடையது என்னிடம் இருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் நீ வந்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும், அல்லது நான் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும். ஆறு இருக்கிறதா என்று அண்ணி எண்ணட்டும். எண்ண அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

4.56. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் என் தோளில் கொட்டிவிட்டது. கடைசி வரி அழிந்திருக்கும், சொல்லித் தருகிறேன்.

இப்போது ஊதுகிறது. இத்தனை வருடம் புனேயில் இருந்தும் அதை இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்கிறது. டப்ரிக்காரர் பாக்கெட்டுகளைப் பிரித்து வரிசையாக அடுக்குகிறார்.

கேட் திறந்துவிட்டார்கள். சைக்கிள்கள் வருகின்றன. யூனிபார்ம் எல்லாம் ஒரே நிறம், உன்னைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. க்யூ நகர்கிறது. ஒருவர் நின்றுவிட்டார், பின்னால் இருப்பவர்கள் திட்டுகிறார்கள். செக்யூரிட்டி கையைத் தட்டிச் சிரிக்கிறான். நீதான். முடி இவ்வளவு நரைத்துவிட்டதா?

செத்த எலியைப் பிடிப்பது போல பாக்கெட்டை இரண்டு விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வருகிறாய். மழையில் நனைகிறது, நீ அதை மூடவில்லை. டப்ரி பக்கம் தலை திரும்பிவிட்டது. நான் டப்ரியில்தான் நிற்கிறேன் என்று உனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நீ என்னைப் பார்க்கத் திரும்பவில்லை.

நான் வெளியே வருகிறேன். மழையில் நடு ரோட்டில் நின்று எழுதுகிறேன், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். இந்தப் பக்கம் பார் அண்ணா.

பார்த்துவிட்டாய். இனி எழுத வேண்டியதில்லை.